மூன்றாவது தீனி

அத்தியாயம் 14

"எங்க தொட்டி இன்னைக்கு மணி ஒன்பது அடிக்கிறதுக்குள்ள மூணு தடவை சாப்பிட்டுடுச்சு. நாலாவதுக்கு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. இப்படியே போனா சாயங்காலம் கூரையோட கிளம்பி, உங்க பேக்கரிக்கு அதுவே நடந்து வந்து வாயு குடுத்துட்டுத் திரும்பும். குழாய்ச் செலவு உங்களுக்கு மிச்சம்" என்றார் மாமனார்.

எதிரில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

பழச்சாறு ஆலையைத் தொடங்கிய இந்த மனிதருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஆயிரம்'. எதையும் ஆயிரத்தால் பெருக்கித்தான் வெளியே விடுவார். கொசு கடித்தால் கழுகு கொத்தியதாகச் சொல்வார். அவருடைய மூத்த மகனுக்குப் பெயர் 'ஆதாரம்'. பிறந்தபோது, "ஆண் குழந்தை" என்று நர்ஸ் சொன்னதையே கண்ணைச் சுருக்கிச் சந்தேகமாகக் கேட்டவன் என்று அப்பா சொல்வார். அதையும் மகன் இன்றுவரை நம்பவில்லை.

"மூணு தடவையா. ஆதாரம்?" என்றான் அவன், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"நான் பார்த்தேன்டா. தீனி போடுற வாய்க்குப் பக்கத்துல தரையில மூணு இடத்துல ஈரம்."

"மழை தூறியிருக்கும்."

"மூணே மூணு இடத்துல மட்டும் பார்த்துப் பார்த்துத் தூறுமா?"

பேக்கரிக்காரர் இந்த முறை நிஜமாகவே சிரித்தார். கதவருகே பதிவேட்டோடு நின்றிருந்த மூத்த மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமனார் மூன்று என்றால் உண்மை முக்காலாகத்தான் இருக்கும் என்பது இந்த வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டு தடவை நடந்தது அவளுக்குத் தெரியும். ஒன்று, முறைப்படி ஆறு மணிக்குப் போட்ட தீனி. மற்றொன்று அதற்கு முன்பே, ஐந்தரைக்கு, யாருக்கும் தெரியாமல் அவள் கையாலேயே போட்டது.

மூன்றாவது வெறும் 'ஆயிரம்' என்று அவள் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

இந்தத் தொட்டி வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கையும் கழுவிய தண்ணீரும் முன்பெல்லாம் ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்குத்தான் போயின. கீழே நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அம்மாள் வாரம் தவறாமல் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து மாமனாரின் மேசையில் வைப்பாள். வாய் திறக்க மாட்டாள். குடுவையின் மூடியைத் திறந்துவிட்டுப் போய்விடுவாள். அந்த வாடை பேசும், ஆயிரம் வாய் கொண்டு.

வேதியியல் படித்த இளைய மருமகள் வந்தபின்தான் சக்கையைச் செரித்து வாயுவாக்கும் தொட்டி எழுந்தது. வாயு பாய்லருக்குப் போகிறது. மிஞ்சுவதைப் பேக்கரிக்கு விற்கலாம் என்று பேச்சு. இப்போது நாற்றுக்காரம்மாள் கொண்டுவரும் குடுவையில் மீன்குஞ்சு நீந்துகிறது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமனார் அந்தக் கரும்பலகையை மாட்டுகிற வரைக்கும்.

காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை மூத்தவளின் ஷிப்ட். இரண்டுக்கு மேல் இளையவளுடையது. எந்த ஷிப்டில் வாயு அதிகம் வந்ததோ அந்தப் பெயருக்கு நேராக மஞ்சள் சாயத்தில் ஒரு நட்சத்திரம். ஏழு வாரத்தில் மூத்தவளுக்குக் கிடைத்தவை இரண்டு. அதில் ஒன்று, இளையவள் பல் பிடுங்க விடுப்பு எடுத்த நாளில் கிடைத்தது. இளையவள் பக்கத்தில் வானமே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது.

மூத்தவள் அதற்கு முன்பு பதினைந்து வருடம் பாய்லர் எரித்தவள். விறகு வெடிக்கும் ஓசையைக் கேட்டே நீராவியின் அழுத்தத்தைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை, தொட்டி வந்து இரண்டு வருடத்தில், நேற்று வந்தவள் பின்னுக்குத் தள்ளுவதா? உப்பு டப்பாவைத் திறந்தால் நட்சத்திரம் தெரிந்தது. கண்ணை மூடினால் கூடுதலாக நாலு தெரிந்தன. இளையவள் தும்மினால்கூட, "எவ்வளவு அடக்கமா தும்முறா பாரு" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காது கூர்மையாயிற்று. ஒரு நாள் ஆதாரமே, "அவ கெட்டிக்காரிதான்" என்று சொல்லி வைத்தான். அடுத்த இரண்டு நாள் அவன் குழம்பில் உப்பு இல்லை. அதற்கு அவன் ஆதாரம் கேட்கவில்லை.

ஆகவே விடிவதற்கு முன் ரகசியத் தீனி. முதல் வாரம், கிடங்கில் சேர்ந்து கிடக்கும் அன்னாசிச் சக்கையில் ஒரு பெட்டி. நட்சத்திரம் இளையவளுக்குப் போயிற்று. இரண்டு பெட்டி போட்டாள். இளையவளுக்கு இன்னும் பெரிய நட்சத்திரம். நாலு போட்டாள். மாமனார் மஞ்சள் சாயம் தீர்ந்துபோய்ப் புது டப்பா வாங்கினார். இன்று பேக்கரிக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருகிறார்; அவர் கண்முன்னே காலை ஷிப்ட் ஜெயித்தே ஆக வேண்டும் என்று எட்டுப் பெட்டி.

பேக்கரிக்காரர் பேனாவைத் திறந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. தினமும் ஒரே அழுத்தத்துல வரணும். ஏறி இறங்குச்சுன்னா ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது."

அப்போதுதான் மணி அடித்தது. தொட்டியின் அழுத்த மணி. அது அடித்து இதுவரை யாரும் கேட்டதில்லை. அடிக்கும் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

மூத்தவள் ஓடினாள்.

தொட்டியின் மேலே ரப்பர் கூரை இருக்கிறதே, அது சாதாரணமாக மதியத் தூக்கத்தில் இருக்கும் மனிதரின் வயிறுபோல் மெல்ல ஏறி இறங்கும். இன்று ஒன்பது மாதம் முடிந்து பத்தாவதும் கடந்துவிட்ட வயிறாக நின்றது. பக்கவாட்டு வட்டக் கண்ணாடிக்குள் சக்கைக் குழம்பு தெரிய வேண்டிய இடத்தில் பழுப்பு நுரை. நுரை ஏறிக்கொண்டே இருந்தது. வாயு போகும் குழாயின் வாய்க்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

புளிப்பை நிறத்தில் காட்டும் தாளைக் குழம்பில் நனைத்துப் பார்த்தாள். எலுமிச்சையைப் பார்த்த முகம்போல் அது நிறம் மாறிக் கூசியது.

பின்னாலேயே ஆதாரம் வந்து நின்றான். அவன் ஓடி வந்ததே அதிசயம். "வால்வைத் திற. பாதியை ஓடையில விட்டுடு. அரை மணி நேரத்துல அடங்கிடும்."

"ஓடையிலயா?"

"ஒரே ஒரு நாள்தானே? கசடுக் குட்டையும் நிரம்பிக் கிடக்கு, வேற எங்க விடுவ? ஆலையை நிறுத்தினா முற்றத்துல நிக்கிற பன்னிரண்டு லோடு ஆரஞ்சும் நாளைக்குக் கூழ். அந்த ஆளும் பேனாவை மூடிட்டுப் போயிடுவார்."

"அந்த அம்மாவோட நாத்து?"

"தண்ணி கொஞ்சம் புளிச்சா நாத்து செத்துடும்னு யார் சொன்னது? ஆதாரம் இருக்கா?"

வால்வு இருக்கும் மேடையிலிருந்து பார்த்தால் ஓடையின் வளைவும், அதற்கப்பால் பச்சை வலைக் கூடாரமும் தெரியும். நாற்றுக்காரம்மாள் இடுப்பில் தட்டை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தாள். நாற்பதாயிரம் நாற்று. அதில் 'ஆயிரம்' கிடையாது. அந்த அம்மாள் எண்ணித்தான் சொல்வாள்.

மூத்தவள் வால்வுச் சக்கரத்தில் கை வைத்தாள். அவள் ஷிப்ட், சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது; பூட்டைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் அவள் மனத்துக்குள் ஓடியதை யாராவது எழுதி ஆலை வாசலில் ஒட்டியிருந்தால், அவள் அந்தப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டாள். வால்வைத் திறந்தால் அந்த எட்டுப் பெட்டியும் ஓடையோடு போய்விடும். யாருக்கும் தெரியாது. அது மட்டுமா? இளையவளின் அறைச் சுவரில் நாற்றுக்காரம்மாள் எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று வாய் பிளக்கிறார்கள். நாளைக்கு மறுபடியும் வாடைக் குடுவை வந்தால் அந்தக் கடிதம் சுவரில் எப்படித் தொங்கும்?

அந்த நினைப்பு வெல்லம்போல் இனித்தது. சக்கரத்தைச் சுற்றினாள். வால்வு திறக்க நாலு சுற்று வேண்டும். ஒன்று. ஒன்றரை.

"அக்கா, எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிச்சுது?"

இளையவள். மாமனார் போன் போட்டு வரவழைத்திருந்தார்; அவரும் பேக்கரிக்காரரும் இதற்குள் மேடைக்கு வந்திருந்தார்கள். தலைமுடியில் ஈரம் சொட்டியது. ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு காலில் வெளியே போட்டுக்கொள்ளும் செருப்பு. அவளைக் கண்டதும் மாமனாரின் முகம் தெளிந்தது. பேக்கரிக்காரர்கூட ஒரு அடி ஒதுங்கி வழி விட்டார். இவ்வளவு நேரம் இங்கே நிற்கிற ஒருத்திக்கு யாராவது ஒதுங்கினார்களா?

"ஒன்பதுக்கு" என்றாள் மூத்தவள். கை சக்கரத்திலேயே இருந்தது.

இளையவள் கண்ணாடிக்குள் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "யாராவது கூடுதலா தீனி போட்டீங்களா?"

"மூணு தடவை" என்றார் மாமனார்.

"அப்பா, வந்தவர் முன்னாடி வேணாம்" என்றான் ஆதாரம். "தொட்டி என்ன கல்யாண வீட்டுக்கா வந்திருக்கு, மூணு பந்தியில உட்கார?"

"என் ஷிப்ட்ல அளவாத்தான் போச்சு" என்றாள் மூத்தவள். ஆறு மணிக்குத்தான் ஷிப்ட் தொடங்குகிறது. ஐந்தரை அதில் சேராது. பொய் இல்லை என்று தனக்கே ஒரு வக்கீலை வைத்து வாதாடிக்கொண்டாள்.

பேக்கரிக்காரருக்கு ஒரு சந்தேகம். "ஏம்மா, கூடப் போட்டா கூட வாயு உடனே வந்துடும்ல? நல்லதுதானே?"

"உடனே வராதுங்க. இது அடுப்பு இல்ல, வயிறு. உள்ள இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிருங்க நிதானமாத் தின்னு செரிக்கணும். காலையில போட்டது மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் வாயுவா வரும். ராத்திரி வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். இப்ப ஏறுறது செரிக்காத புளிப்பு நுரை." இளையவள் சொல்லிக்கொண்டே நுரையின் மேல் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்தாள். "அதனாலதான் அந்தப் பலகையை எடுங்கன்னு மாமாகிட்ட நாலு தடவை சொன்னேன். என் பேர்ல இருக்கிற நட்சத்திரம் எல்லாம் அக்கா போடுற தீனி. அவங்க உழைக்கிறாங்க, எனக்குப் போடுறார். கேட்டா, 'பொம்பளைங்க போட்டின்னாத்தான் ஆலை ஓடும்'னு சிரிக்கிறார்."

மாமனார் வானத்தைப் பார்த்தார். அங்கே பகல் நேரத்தில் நட்சத்திரம் இல்லை.

மூத்தவளின் கை சக்கரத்திலிருந்து நழுவியது.

பாய்லரில் விறகைப் போட்டால் அடுத்த நிமிடம் நீராவி. பதினைந்து வருடமாக அவள் கைக்குத் தெரிந்த ஒரே விதி அது. தொட்டிக்கும் அதுதான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவோம் என்று. ஏழு வாரம், ஊர் எழும்புவதற்கு முன்னால் எழுந்து, முதுகு ஒடியப் பெட்டி தூக்கி, சத்தம் கேட்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் வழுக்க நடந்து, ஓரகத்திக்கு ஒவ்வொரு நட்சத்திரமாகப் பறித்துக் கொடுத்திருக்கிறாள். உலகத்திலேயே, ஏன், ஏழு உலகத்திலும் தேடினாலும், வயிற்றெரிச்சலால் எதிராளிக்கு இவ்வளவு மனதார ஊழியம் செய்தவள் ஒருத்தி கிடைக்க மாட்டாள்.

"இன்னும் ரெண்டரைச் சுத்துதான்" என்று அவள் காதருகே ஆதாரம் முணுமுணுத்தான். "சீக்கிரம்."

அவள் சக்கரத்தை மறுபடியும் பிடித்தாள். இந்த முறை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். ஒன்றரை. இறுகியது. சாவியைப் போட்டுப் பூட்டினாள்.

"எட்டுப் பெட்டி" என்றாள்.

"என்னக்கா?"

"அன்னாசிச் சக்கை. எட்டுப் பெட்டி. அஞ்சரை மணிக்கு நான்தான் போட்டேன். ஆறு மணிக்கு முறைத் தீனியும் போட்டேன்."

இளையவள் கண்ணாடியை விட்டுத் திரும்பினாள். தண்ணீர் நுரைமேல் சிதறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு மட்டுமா?" இளையவள் கேட்டாள்.

"ஏழு வாரமா. பலகையில என் பேர் மேல வரணும்னு." சாவியை இடுப்பில் செருகினாள். "உன் பேர் கீழ போகணும்னும்தான்."

இளையவள் அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். கோபம் வந்தால் பதிலுக்குக் கோபப்படலாம், வசதியாக இருக்கும். வந்தது வேறு.

"உங்க ஷிப்ட்ல எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே வேலை செய்வாங்கக்கா. கேட் வரைக்கும் கேக்கும். நான் உள்ள நுழைஞ்சதும் யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுடும். ரெண்டு வருஷமா நான் அதைப் பார்த்து வெந்துக்கிட்டு இருக்கேன். நட்சத்திரத்தை வச்சு நான் என்ன பண்ண?"

இது மூத்தவளுக்குப் புதுச் செய்தி. தன்னிடம் பொறாமைப்பட ஒன்று இருந்திருக்கிறதா? கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நேரத்தில் அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

நேராகச் சங்குப் பொத்தானிடம் போனாள். ஆலையை நிறுத்தும் சங்கு. அழுத்தினாள். பிழியும் எந்திரம், கழுவும் தொட்டி, நகரும் பட்டை எல்லாம் ஒவ்வொன்றாக மூச்சடங்கின.

"பன்னிரண்டு லோடு" என்றான் ஆதாரம். குரல் கீச்சென்றது. "பன்னிரண்டு லோடு பழம் போச்சு."

"போகட்டும். இனி ஒரு சொட்டுத் தண்ணி தொட்டிக்குள்ள போகாது. ஓடைக்கும் போகாது. நஷ்டத்துக்கு நான் பொறுப்பு. சம்பளத்துல பிடிச்சுக்கட்டும்."

"சாகும்வரை பிடிச்சாலும் தீராது" என்றார் மாமனார், வழக்கம்போல. ஆனால் சங்கை மறுபடி ஊதச் சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "கையெழுத்து இன்னைக்கு வேணாம். மூணு நாள் கழிச்சு வரேன், தொட்டி உயிரோட இருந்தா பேசுவோம்." மூத்தவளிடம் திரும்பினார். "மாவு புளிச்சுப்போனா புளிச்சுதுன்னு சொல்ற ஆள் என் கடையில ஒருத்தன்கூட இல்லம்மா." ஆனால் அவர் போகவில்லை. கதை எங்கே முடிகிறது என்று பார்க்காமல் யார்தான் போவார்கள்?

இளையவள் இதற்குள் தரையில் குந்தி, சுண்ணாம்பு மூட்டையின் மேல் விரலால் எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது.

"சேர மாட்டேங்குது" என்றாள். "முறைத் தீனியோட எட்டுப் பெட்டி அன்னாசி சேர்ந்தா புளிப்பு வரும். இவ்வளவு நுரை வராது. இன்னும் ஏதோ உள்ள போயிருக்கு."

"நான் மூணு தடவைன்னு காலையிலிருந்து கத்துறேன்" என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றான் ஆதாரம்.

"என்ன போயிருக்குன்னு தெரியணும் மாமா. அன்னாசி, திராட்சைன்னா சுண்ணாம்புத் தண்ணி போதும், பிழைச்சுக்கும். ஆரஞ்சுத் தோல்னா கதை வேற. அதுல இருக்கிற எண்ணெய் உள்ள இருக்கிற நுண்ணுயிரை எல்லாம் கொன்னுடும். அதனாலதான் தீனி வாயிலேயே 'ஆரஞ்சு கூடாது'ன்னு எழுதி வச்சிருக்கேன். அதுக்குச் சுண்ணாம்பைப் போட்டுட்டுக் காத்திருந்தா, மூணாம் நாள் பிணத்துக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி. தொட்டி செத்தா சக்கை எல்லாம் மறுபடி ஓடைக்குத்தான்."

"மோந்து பார்த்தா தெரியாதா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ஒரு வாரமா ஆலையே ஆரஞ்சைத்தான் பிழியுது. என் முடியிலகூட ஆரஞ்சு வாசனைதான்க்கா. மூக்கை நம்ப முடியாது."

"சரி, ஆரஞ்சுன்னே வை. என்ன செய்யணும்?"

"உயிரோட இருக்கிற வேற தொட்டியில இருந்து நுண்ணுயிர் நிறைஞ்ச பழைய கசடு, ஐம்பது பீப்பாய். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து இதுல ஊத்தணும்."

வேறு தொட்டி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சுற்று வட்டாரத்தில் இன்னொன்று எண்ணெய் ஆலையில்தான் இருந்தது. எண்ணெய் ஆலைக்காரர் மாமனாருடைய தங்கையின் கணவர். பதினொரு வருடமாக இரண்டு பேரும் எதிர் எதிரே வந்தால் நடுத்தெருவிலேயே திரும்பி வந்த வழியே போய்விடுகிறவர்கள்.

மாமனாரின் முகம் ஒரு விரற்கடை சுருங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதையும் பெருக்கவில்லை.

"அவன் வாசல்ல நான் போய் நிக்கணுமா" என்றார் மெதுவாக. "ஐம்பது பீப்பாய் பிச்சை கேட்டு. நிக்கிறேன். நாற்பதாயிரம் நாத்துக்காக வேணும்னா நிக்கிறேன். ஆனா சும்மா சந்தேகத்துக்குப் போய் நிக்க மாட்டேன். ஆரஞ்சுதான்னு ஆதாரம் காட்டுங்க."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எல்லாரும் திரும்பி மகனைப் பார்த்தார்கள். பழக்கதோஷம்தான், அது அவனுடைய சொல்.

ஆதாரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவள் பதினெட்டு வருடமாக அந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். காது மடல் சிவந்திருந்தது. வால்வைத் திற என்று ஓடோடி வந்தவன். சீக்கிரம், சீக்கிரம் என்று காதில் முணுமுணுத்தவன்.

"ஏங்க" என்றாள் அவள். வேறெதுவும் கேட்கவில்லை.

அவன் செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளினான். கல் மேடையிலிருந்து கீழே விழுந்து உருண்டது.

"தோல் அள்ளுற லாரிக்காரன் வாடகையை இரட்டிப்பா கேட்டான்" என்றான் கடைசியில். "நீ பாய்லர் பக்கம் போயிருந்தப்போ, ஏழு மணிக்கு. வாயில எழுதியிருந்ததைப் படிச்சேன். நான் அதை நம்பல. பழத்துக்குப் பழம் என்ன பெரிய வித்தியாசம்னு… லாரிச் செலவே இல்லாம பண்ணிட்டேன்னு சொன்னா, அந்தப் பலகையில என் பேரையும் ஒரு ஓரத்துல எழுதுவீங்கன்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேருக்கும்தான் நட்சத்திரம் இருக்கு. எனக்கு இந்த ஆலையில ஒரு புள்ளிகூடக் கிடையாது."

"எத்தனை பெட்டி?" என்றாள் இளையவள், எழுந்து நின்றபடி.

"இருபது."

"என்ன தோல் அத்தான்?"

நாற்பத்தைந்து வருடமாகத் தான் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத அப்பாவை அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆரஞ்சுதான்ப்பா. கிளம்புங்க" என்றான். "நீங்க சொன்னது நிஜம். மூணு தடவை சாப்பிட்டுச்சு."